எச்-1பி மூன்றாம் தரமும் விழாவிட்டால் மகள் என்ன செய்யலாம்?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தகப்பன் கேட்டிருப்பதை முதலில் சுருக்கிச் சொல்கிறேன். மகள் டெக்சஸில் கணினி விஞ்ஞானத்தில் முதுமாணி முடித்து, ஓபிடி என்ற, படிப்பு முடித்த வெளிநாட்டு மாணவர் கொஞ்சக் காலம் வேலை செய்யத் தரும் அனுமதியில், ஒரு மென்பொருள் கம்பனியில் வேலை செய்கிறார். 2024 மார்ச்சிலும் 2025 மார்ச்சிலும் கம்பனி அவரை எச்-1பிக்கு, அதாவது பட்டதாரி வேலைக்கான அமெரிக்கத் தற்காலிக விசாவுக்கு, பதிந்தது. இரண்டு தரமும் லொத்தர் (விசாக் குலுக்கல்) விழவில்லை. 2026 மார்ச்சில் மூன்றாவது தரம் பதியப் போகிறார்கள். ஓபிடி 2027 பெப்ரவரி கடைசியில் முடிகிறது. “ஆள் இல்லை, ஆள் இல்லை என்று அந்த நாட்டுக் கம்பனிகளே சொல்கின்றன. படித்த பிள்ளை அங்கேயே இருக்கிறது. பிறகு ஏன் விசா இல்லை? இன்னொரு முதுமாணிக்குக் காசு கட்டி அங்கேயே வைத்திருக்கவா, கொழும்புக்கு வரச் சொல்லவா?” என்கிறார்.

விசாவைப் பற்றிய கேள்வியாகத் தெரிந்தாலும், இந்த லொத்தரை நம்பி இன்னும் எவ்வளவு காலமும் காசும் போடலாம் என்பதுதான் அவர் உண்மையில் கேட்பது. அதற்குத்தான் பதில் எழுதுகிறேன். நான் சட்டத்தரணி இல்லை. அமெரிக்கக் கிளை உள்ள ஒரு கொழும்பு மென்பொருள் கம்பனியின் மனிதவளப் பிரிவில் பல வருடம் இருந்து, இங்கிருந்து ஆட்களை அனுப்பும் கோப்புகளையும் அங்கே படித்து முடித்த பிள்ளைகளை வேலைக்கு எடுக்கும் கோப்புகளையும் பார்த்தவன். விதியும் நடைமுறையும் தெரியும். உங்கள் மகளின் கோப்பில் தனியாக ஏதாவது சிக்கல் இருந்தால், அதை அந்தக் கோப்பைக் கையில் வைத்திருப்பவர்தான் சொல்ல வேண்டும்.

ஏன் விசா இல்லை என்பதற்கு உறுதியான பதில் உண்டு. எச்-1பி 1990ஆம் ஆண்டு குடிவரவுச் சட்டத்தில் வந்தது. வருடத்துக்கு 65,000 என்று அந்தச் சட்டமே எழுதி வைத்தது. இணையத் தொழில் சூடுபிடித்த காலத்தில் காங்கிரஸ் அதை 1999, 2000 நிதியாண்டுகளுக்கு 115,000 ஆகவும், 2001 முதல் 2003 வரை 195,000 ஆகவும் ஏற்றியது. 2004 நிதியாண்டில் பழையபடி 65,000க்கு இறங்கிவிட்டது. அதே 2004 முடிவில் வந்த இன்னொரு சட்டம், அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் முதுமாணியோ அதற்கு மேலோ முடித்தவர்களுக்கென்று 20,000 சேர்த்தது. அதோடு சரி. இன்றைக்கும் மொத்தம் 85,000தான்; அதிலும் 6,800 இடம் சிலி, சிங்கப்பூர் நாட்டவருக்கு முதலில் ஒதுக்கப்படுகிறது, மிஞ்சினால்தான் திரும்பி வரும். தொழில் எவ்வளவு வளர்ந்தாலும் அந்த எண் தானாக ஏறுவதற்கு சட்டத்தில் வழி இல்லை. காங்கிரஸ் கை வைத்தால்தான் மாறும், இருபது வருடமாக அது கை வைக்கவில்லை.

ஏ எல் (உயர்தரப் பரீட்சை) எழுதின எல்லாருக்கும் இந்த நிலைமை புரியும்: தகுதி பெற்றவர்கள் ஏராளம், பல்கலைக்கழகத்தில் இடம் கொஞ்சம். வித்தியாசம் என்னவென்றால், இங்கே இசட் புள்ளி பார்த்து வெட்டுகிறார்கள், அங்கே இத்தனை காலமும் குலுக்கிப் போட்டார்கள். 2007 ஏப்ரலில் விண்ணப்பம் திறந்த முதல் இரண்டு நாளிலேயே 120,000க்கு மேல் குவிந்தது. 2020இல் 10 டொலர் கட்டணத்தில் ஒன்லைன் பதிவு வந்த பிறகு கூட்டம் இன்னும் பெருத்து, 2023 மார்ச்சில் ஏறக்குறைய 780,000 பதிவுகள் வந்தன. செல்லுபடியானவற்றில் பாதிக்கு மேல், ஒரே ஆளுக்குப் பல கம்பனிகள் போட்ட பதிவுகள். அந்த விளையாட்டை நிறுத்த 2024இலிருந்து ஆளுக்கு ஒரு சீட்டு என்று மாற்றினார்கள். 2025இல் கட்டணத்தையும் 215 டொலராக்கினார்கள். 2025 மார்ச்சில் சுமார் 344,000 பதிவுகள் வந்து, 120,000 பேர் வரை தெரிவானார்கள். தெரிவானவர்கள் எல்லாரும் விண்ணப்பத்தை முடிப்பதில்லை என்பதால் 85,000ஐ விடக் கூடுதலாகத்தான் எடுப்பார்கள்.

ஆகவே உங்கள் மகளிடம் குறை ஒன்றும் இல்லை. மூன்றில் ஒன்று என்ற வாய்ப்பில் மூன்று தரம் போட்டாலும், மூன்று தரமும் விழாமல் போவதற்கு ஏறக்குறைய 30% சாத்தியம் உண்டு. முதுமாணிக் காரருக்கு அந்த 20,000 தொகுதியிலும் இடம் இருப்பதால் இது கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பிள்ளைகள் இரண்டு தரம் விழாததும் தங்கள் படிப்பிலோ கம்பனியிலோ பிழை என்று நினைத்து, நல்ல வேலையை விட்டுவிட்டு “எச்-1பி உறுதி” என்று சொல்லும் யாரிடமாவது போய் மாட்டிக்கொள்வதை நான் கண்டிருக்கிறேன்.

ஆள் தட்டுப்பாடு உண்மையா என்பது வேறு கதை. அதில் உறுதியாகப் பேச முடியாது. பதிவு எண்ணிக்கையை வைத்துத் தட்டுப்பாடு என்று சொல்வது சரியில்லை. 10 டொலருக்குச் சீட்டு விற்றால் யாரும் வாங்குவார்கள். மறுபக்கம் பேசுகிறவர்கள் சம்பளத்தட்டைக் காட்டுகிறார்கள். அமெரிக்கத் தொழில் திணைக்களம் ஒவ்வொரு தொழிலுக்கும் ஊருக்கும் நான்கு தட்டுச் சம்பளம் வைத்திருக்கிறது. முதல் இரண்டு தட்டும் அந்தத் தொழிலின் நடுச் சம்பளத்துக்குக் கீழே இருப்பவை. எச்-1பி கோப்புகளில் பெரும் பங்கு அந்த இரண்டு தட்டிலும்தான் போகிறது. ஆள் அவ்வளவு அருமை என்றால் ஏன் குறைந்த தட்டில் எடுக்கிறீர்கள் என்று கேட்கிறார்கள், கேள்வி நியாயமானது. ஆனால் படிப்பு முடித்து இரண்டு வருடம் ஆன பிள்ளைக்கு முதல் இரண்டு தட்டுத்தானே வரும்? என் அபிப்பிராயம்: நாடு முழுக்கத் தட்டுப்பாடு என்பது நிரூபிக்கப்பட்ட விஷயமல்ல. ஒரு குறிப்பிட்ட குழுவில், குறிப்பிட்ட வேலைக்கு, பழகிய ஒரு ஆளை இழப்பது கம்பனிக்கு உண்மையான நட்டம். இரண்டும் ஒரே நேரத்தில் சரியாக இருக்கலாம்.

கம்பனிக்கு எண்ணிக்கையை விடப் பெரிய தலையிடி கலண்டர். மார்ச்சில் பதிய வேண்டும், ஏப்ரலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டும், ஒக்டோபர் 1க்கு முன் வேலை தொடங்க முடியாது. மே மாதம் ஒரு நல்ல ஆள் கிடைத்தால், அவரை எச்-1பியில் வேலையில் வைக்க அடுத்த வருட ஒக்டோபர் வரை, பதினேழு மாதம், அதுவும் லொத்தர் விழுந்தால். எந்தச் சின்னக் கம்பனி அப்படிக் காத்திருக்கும்? அதனால்தான் வேலை விளம்பரத்திலேயே “விசா ஆதரவு இல்லை” என்று போட்டுவிடுகிறார்கள். உங்கள் மகளின் கம்பனி மூன்றாவது தரமும் பதிய முன்வந்திருப்பதே பெரிய விஷயம், அதை லேசாக எடுக்க வேண்டாம்.

இனி வருகிற மார்ச்சைப் பற்றி. இந்த முறை பழைய குலுக்கல் இல்லை. 2025 டிசம்பரில் வெளியான விதிப்படி, 2026 பதிவிலிருந்து சம்பளத்தட்டைப் பார்த்துச் சீட்டு கொடுக்கிறார்கள்: நாலாம் தட்டுக்காரருக்கு நாலு சீட்டு, மூன்றாம் தட்டுக்கு மூன்று, இரண்டாம் தட்டுக்கு இரண்டு, முதலாம் தட்டுக்கு ஒன்று. விதியை எழுதிய உள்நாட்டுப் பாதுகாப்புத் திணைக்களத்தின் சொந்த மதிப்பீட்டில் முதலாம் தட்டின் வாய்ப்பு சுமார் 15%, இரண்டாம் தட்டு 31%, மூன்று 46%, நாலு 61%. இவை மதிப்பீடுகள்தான், எந்தத் தட்டில் எத்தனை பேர் பதிகிறார்கள் என்பதைப் பொறுத்து மாறும். ஆனாலும் முதலாம் தட்டுக்கும் இரண்டாம் தட்டுக்கும் இடையில் இருக்கும் வித்தியாசம் இரட்டிப்பு. ஆகவே மகள் இந்தக் கிழமையே கம்பனியிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: என்னை எந்தத் தொழிற் குறியீட்டில், எந்த ஊரில், எந்தத் தட்டில் பதியப் போகிறீர்கள்?

இந்த மூன்றும் சேர்ந்துதான் தட்டைத் தீர்மானிக்கின்றன. ஒரே சம்பளம் சான் பிரான்சிஸ்கோவில் முதலாம் தட்டாகவும், டெக்சஸின் சிறிய நகரத்தில் இரண்டாம், சில வேளை மூன்றாம் தட்டாகவும் வரலாம். இரண்டாம் தட்டுக்கு வருடத்துக்கு இரண்டாயிரம் மூவாயிரம் டொலர்தான் குறைகிறது என்றால் சம்பளத்தைக் கூட்டிப் பதிவது கம்பனிக்குப் பெரிய செலவில்லை, அதைக் கேட்பதில் வெட்கமும் இல்லை. ஆனால் இதில் பொய் வேலை ஆகாது. பதிவில் போட்ட சம்பளமும் ஊரும் பிறகு விண்ணப்பத்தில் அப்படியே நிற்க வேண்டும், வேலையும் அந்த ஊரில் நடக்க வேண்டும். இன்னொன்று: இரண்டு கம்பனிகள் ஒரே ஆளைப் பதிந்தால், இரண்டில் குறைந்த தட்டுத்தான் கணக்கில் எடுக்கப்படும். “என் நண்பனின் கம்பனியும் சும்மா ஒரு பதிவு போடட்டும்” என்று யாராவது உதவிக்கு வந்தால், அந்த உதவி மகளின் வாய்ப்பைக் குறைக்கக்கூடும்.

அடுத்தது நீங்கள் பேப்பரில் பார்த்திருக்கும் 100,000 டொலர் எச்-1பி கட்டணம். 2025 செப்டெம்பர் 19ஆம் திகதி ஜனாதிபதி ட்ரம்ப் கையெழுத்திட்ட பிரகடனம் அது. 21ஆம் திகதியிலிருந்து 12 மாதத்துக்கு, நீட்டவும் வழி வைத்து. 2026 ஏப்ரலில் போகும் விண்ணப்பங்கள் அந்தக் காலத்துக்குள் விழுகின்றன. ஆனால் ஒக்டோபர் 20ஆம் திகதி குடிவரவுச் சேவை கொடுத்த விளக்கத்தின்படி, இந்தப் பணம் நாட்டுக்கு வெளியே இருப்பவர்களுக்கான புதிய விண்ணப்பங்களுக்குத்தான். அமெரிக்காவுக்குள் மாணவ நிலையில் சட்டப்படி இருந்து, அங்கேயே எச்-1பிக்கு நிலைமாற்றம் கேட்டு அது அனுமதிக்கப்பட்டால், கட்டத் தேவையில்லை. உங்கள் மகள் இந்தப் பக்கத்தில் இருக்கிறார். அவருடைய கையில் இருக்கும் மிகப் பெறுமதியான சொத்து இன்றைக்கு அந்தப் பட்டத்தை விட, அவர் நாட்டுக்குள் இருப்பதுதான்.

அதனால் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். லொத்தர் விழுந்து, விண்ணப்பம் போய், நிலைமாற்றம் இன்னும் அனுமதிக்கப்படாமல் இருக்கும் காலத்தில் மகள் நாட்டை விட்டு வெளியே வரக் கூடாது. வந்தால் நிலைமாற்றக் கோரிக்கை கைவிடப்பட்டதாகக் கொள்வார்கள். பிறகு கொழும்பில் விசா எடுத்துத்தான் போக வேண்டும், அந்தப் பெரிய தொகையும் கம்பனியின் தலையில் விழக்கூடும், எந்தக் கம்பனியும் அதைக் கட்டப் போவதில்லை. ஆவணி மாதத்துக் கல்யாணம், அம்மம்மாவின் ஆண்டுத் திவசம் எல்லாம் இந்தக் கணக்குக்குள் வரும். கொடுமைதான், ஆனால் கோப்பு அப்படித்தான் ஓடும். நிலைமாற்றம் அனுமதிக்கப்பட்ட பிறகு வெளியே வந்து, கொள்ளுப்பிட்டியில் உள்ள அமெரிக்கத் தூதரகத்தில் விசா முத்திரை எடுத்துப் போவதென்றால் அந்தத் தொகை இல்லை என்று அதே விளக்கம் சொல்கிறது. அப்போதும் நேர்முகத்துக்குப் போக வேண்டும்; 2025 டிசம்பரிலிருந்து எச்-1பிக்காரரின் சமூக ஊடகக் கணக்குகளையும் பார்க்கிறார்கள். அதனால் இரண்டு கிழமை லீவில் வந்து முடித்துக்கொண்டு போகலாம் என்று டிக்கெட் போடாதீர்கள்.

மூன்றாவது தரமும் விழாவிட்டால்? எல்லாரும் 2027 பெப்ரவரியோடு முடிந்தது என்று நினைப்பார்கள். அங்கே ஒரு சின்னக் கதவு உண்டு. ஓபிடி முடிந்த பிறகு 60 நாள் தங்கியிருக்கலாம், வேலை செய்ய முடியாது. பெப்ரவரி கடைசியிலிருந்து 60 நாள் என்றால் ஏப்ரல் கடைசி. 2027 மார்ச்சில் கம்பனி நாலாவது தரம் பதிந்து, விழுந்து, ஏப்ரலின் முதல் வாரங்களில் விண்ணப்பம் போய்ச் சேர்ந்தால், முடிவு வரும் வரை அவர் அங்கே தங்கியிருக்கலாம். வேலை அனுமதி மட்டும் திரும்பி வராது, ஏனென்றால் ஓபிடி உயிரோடு இருக்கும்போது விண்ணப்பித்தவருக்குத்தான் வேலையும் தொடரும். கிட்டத்தட்ட ஏழு மாதம் சம்பளமில்லாமல் இருக்க வேண்டி வரலாம். இந்தக் கதவு திறந்தே இருக்குமா என்பது சந்தேகம்: மாணவரின் தங்கும் காலத்துக்கு முடிவுத் திகதி வைத்து, இந்த 60 நாளை 30 ஆக்கும் ஒரு விதிமுன்மொழிவு 2025 ஓகஸ்டில் வந்திருக்கிறது. அது சட்டமானால் ஏப்ரல் விண்ணப்பத்துக்கு நாள் பிடிக்காது. ஓபிடியே காங்கிரஸ் இயற்றிய சட்டம் அல்ல, உள்நாட்டுப் பாதுகாப்புத் திணைக்களத்தின் விதி என்பதையும் நினைவில் வையுங்கள். நீதிமன்றத்தில் அதை எதிர்த்தவர்கள் 2022இல் தோற்றார்கள், ஆனால் விதியை எழுதிய கை அதை மாற்றவும் முடியும்.

இன்னொரு முதுமாணி பற்றிக் கேட்டீர்கள். வேண்டாம் என்பதுதான் என் பதில். ஒரே மட்டத்தில் இரண்டாவது பட்டம் எடுத்தால் புதிதாக ஓபிடி கிடைக்காது. அதற்கு மேல்மட்டப் பட்டம் வேண்டும். அப்படியிருந்தும் பிள்ளைகள் சேர்வதற்குக் காரணம், சில கல்லூரிகள் சேர்ந்த முதல் நாளிலிருந்தே “பாடத்தின் பகுதி” என்ற பெயரில் முழுநேர வேலைக்கு அனுமதி கொடுக்கின்றன. சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது, ஆகவே எல்லாமே மோசடி என்று சொல்ல மாட்டேன். ஆனால் பின்னால் எச்-1பி விண்ணப்பம் போகும்போது, உண்மையில் படித்தாயா, வகுப்புக்குப் போனாயா, அந்த வேலை படிப்புக்கு ஏன் தேவைப்பட்டது என்று கேள்வி வரும். பதில் திருப்தியில்லை என்றால் மாணவ நிலையைக் காக்கவில்லை என்று நிலைமாற்றத்தை மறுக்கலாம். அப்போது மகள் வெளியே வந்து விசா எடுக்க வேண்டும், மேலே சொன்ன 100,000 டொலர் வந்து நிற்கும். காசைக் கட்டி, இருக்கிற ஒரே சொத்தைப் பணயம் வைக்கிற வேலை. கலாநிதிப் பட்டம் என்றால் கதை வேறு. அது புதிய ஓபிடியைத் தரும், நிதியுதவியும் பெரும்பாலும் கிடைக்கும். ஆனால் விசாவுக்காக ஐந்து வருடம் ஆராய்ச்சி செய்ய யாராலும் முடியாது. ஆராய்ச்சியில் ஆசை இருந்தால் மட்டும்.

பேசப்படாத ஒரு வழி இருக்கிறது. பல்கலைக்கழகங்கள், அவற்றோடு இணைந்த இலாபநோக்கற்ற நிறுவனங்கள், பல போதனா வைத்தியசாலைகள் உட்பட, அப்புறம் இலாபநோக்கற்ற ஆராய்ச்சி நிலையங்கள், அரச ஆராய்ச்சி நிலையங்கள்: இவர்களுக்கு 85,000 என்ற எல்லையே கிடையாது. லொத்தர் இல்லை, மார்ச் இல்லை, ஒக்டோபர் இல்லை. வருடத்தில் எந்த மாதமும் விண்ணப்பிக்கலாம். ஒரு பல்கலைக்கழக வைத்தியசாலையின் தரவுப் பிரிவில் மென்பொருள் வேலைக்கும் ஆள் எடுக்கிறார்கள். சம்பளம் தனியார் கம்பனியை விடக் குறையும், சில இடத்தில் நிறையவே குறையும். அங்கிருந்து பிறகு தனியார் கம்பனிக்கு மாறுவதென்றால் அப்போது லொத்தருக்குள் வர வேண்டும். ஆனால் அதுவரைக்கும் நாட்டுக்குள், சட்டப்படி, வேலையோடு இருக்கிறார். ஒவ்வொரு மார்ச்சும் வேறு கம்பனி அவரைப் பதியலாம். மென்பொருள் பிள்ளைகளுக்கு இது கண்ணில் படுவதில்லை, ஏனென்றால் அவர்கள் வேலை தேடும் இடங்களில் இந்த விளம்பரங்கள் வருவதில்லை. ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் சொந்த வேலைவாய்ப்புப் பக்கத்திலும் போய்த் தேட வேண்டும். மார்ச் முடிவு வரும் வரை காத்திராமல் இப்போதே தொடங்கலாம். என்னைக் கேட்டால் மகளின் ஞாயிற்றுக்கிழமைகள் இதற்குத்தான் போக வேண்டும்.

கொழும்புக்கு வருவது பற்றி. கம்பனிக்கு இங்கே கிளையோ, துணை நிறுவனமோ இருந்தால் மகள் ஒரு முழு வருடம் இங்கே வேலை செய்துவிட்டு எல்-1 விசாவில் திரும்பிப் போகலாம். எல்-1க்கு வருடாந்த எல்லை கிடையாது, அந்த 100,000 டொலர் பிரகடனமும் அதைத் தொடவில்லை. கொழும்பில் அமெரிக்கத் தொடர்புள்ள மென்பொருள் நிறுவனங்கள் குறைவில்லை. விர்டுசா, டபிள்யூஎஸ்ஓ2, சிஸ்கோ லாப்ஸ் எல்லாரும் அறிந்தவை. ஆனால் உங்கள் மகளின் கம்பனிக்கு இங்கே சொந்தக் கிளை இல்லாவிட்டால், “கொழும்பிலிருந்தே வேலை செய், மூன்றாம் நிறுவனம் ஒன்றின் மூலம் சம்பளம் போடுகிறோம்” என்பார்கள். வேலை போகாது, நல்லதுதான். எல்-1க்கான ஒரு வருடக் கணக்கில் மட்டும் அந்தக் காலத்தை நம்ப வேண்டாம், ஏனென்றால் அந்த வருடம் அதே கம்பனியின் கிளையிலோ துணை நிறுவனத்திலோ இருந்திருக்க வேண்டும். முகாமையாளர் அல்லாதவர் “சிறப்பு அறிவு” என்ற பிரிவில் போக வேண்டும், அதில் மறுப்பு அதிகம். ரொறன்ரோவிலோ வன்கூவரிலோ கிளை இருந்தாலும் இதே வழிதான்; மைக்ரோசொப்ட் 2007இல் வன்கூவரில் மையம் திறந்தபோது, அமெரிக்க விசா கிடைக்காதவர்களையும் அங்கே வைத்திருக்கலாம் என்பதை மறைக்கவேயில்லை.

இலங்கையில் பிறந்தவருக்கு ஒரு ஆறுதல் உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. எச்-1பி விழுந்துவிட்டால், பிறகு கிரீன் கார்ட் வரிசையில் நம் ஆட்கள் இந்தியர்களைப் போல மாட்டிக்கொள்வதில்லை. வேலை வழியாக வருடத்துக்கு 140,000 கிரீன் கார்ட், ஒரு நாட்டுக்கு 7% மேல் இல்லை என்பது சட்டம். இந்தியாவின் வரிசை பல வருடங்கள், சிலருக்குப் பல பத்து வருடங்கள் நீள்கிறது. இலங்கை பொது வரிசையில் நிற்கிறது, அது எவ்வளவோ குறுகியது. ஆனால் பார்ப்பது கடவுச்சீட்டை அல்ல, பிறந்த நாட்டை. யுத்த காலத்தில் பெற்றோர் தமிழ்நாட்டு முகாமில் இருக்கும்போது பிறந்த பிள்ளை இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருந்தாலும் இந்திய வரிசைக்குத்தான் போகும். பெற்றோர் இருவரும் பிறக்காத, அந்த நேரத்தில் வதியாத நாட்டில் பிறந்த பிள்ளைக்கு விதிவிலக்கு இருக்கிறது. முகாமில் இருந்தது வதிவிடமாகுமா என்பது வாதத்துக்குரியது, நல்ல சட்டத்தரணி வேண்டும். கணவன் அல்லது மனைவி இலங்கையில் பிறந்தவர் என்றால் அவருடைய நாட்டின் வரிசையில் சேரவும் முடியும். கல்யாணப் பேச்சில் இதையும் விசாரிக்கிற வீடுகள் இருக்கின்றன, சிரிக்காதீர்கள்.

இதே தட்டுப்பாட்டில் உங்கள் சொந்தக்காரருக்கு வேறு கதவுகள் இருக்கும் என்பதால் ஒப்பிட்டு மனம் நோக வேண்டாம். ஸ்காபரோவில் இருக்கும் மச்சான் கனடிய பிரஜை என்றால் டிஎன் என்ற வழியில் எல்லையிலேயே வேலைக் கடிதம் காட்டி அமெரிக்காவுக்குள் நுழையலாம்; எண்ணிக்கை எல்லை இல்லை. சிட்னியில் இருப்பவர் அவுஸ்திரேலிய பிரஜை என்றால் ஈ-3 என்ற அமெரிக்க வேலை விசா, வருடத்துக்கு 10,500, அது நிரம்புவதே இல்லை. இரண்டுக்கும் பிரஜாவுரிமை வேண்டும், நிரந்தர வதிவிடம் போதாது. பிரித்தானியாவிலும் 2011 முதல் இப்படி ஒரு எல்லை இருந்தது, வருடத்துக்கு 20,700. 2017 டிசம்பரிலிருந்து மாதா மாதம் அது நிரம்பி, வைத்தியசாலைகள் தெரிவு செய்த டொக்டர்களுக்கே விசா மறுக்கப்பட்டது. 2018இல் டொக்டர்களையும் தாதியரையும் எல்லைக்கு வெளியே எடுத்தார்கள், பிறகு எல்லையையே எடுத்துவிட்டார்கள். இன்று அங்கே எண் இல்லை, சம்பளம் இருக்கிறது: பொதுவாக வருடத்துக்கு 41,700 பவுண். அமெரிக்காவின் புதிய சீட்டு முறையும் அந்தப் பக்கம்தான் நகர்கிறது. இளம் பட்டதாரிக்கு இது நல்ல செய்தி அல்ல.

கனடாவின் நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பம் போட்டு வைப்பதில் நட்டம் இல்லை. மொழிப் பரீட்சையும் பட்ட மதிப்பீடும்தான் செலவு. அமெரிக்க வேலை அனுபவம் வெளிநாட்டு அனுபவமாகக் கணக்கில் வரும், வயதுப் புள்ளி 30 இலிருந்து குறையத் தொடங்கும். மகளுக்கு இருபத்தைந்து இருபத்தாறு இருக்கும் என்று நினைக்கிறேன். புள்ளி போதுமா என்பது அந்தந்த அழைப்புச் சுற்றைப் பொறுத்தது.

காசு விஷயம் கடைசியாக. எச்-1பிக்கு உங்களிடம் யார் காசு கேட்டாலும் சந்தேகப்படுங்கள். விண்ணப்பத்தோடு கட்டும் பயிற்சிக் கட்டணத்தை, கம்பனியின் அளவைப் பொறுத்து 750 அல்லது 1,500 டொலர், கம்பனிதான் கட்ட வேண்டும்; ஊழியரிடம் திருப்பி வாங்குவதை சட்டமே தடுக்கிறது. காலி வீதியில் பலகை போட்டு “அமெரிக்க வேலை விசா உறுதி” என்பவரிடம், வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திர இலக்கத்தைக் கேளுங்கள். கேட்ட உடனேயே பாதிப் பேர் பேச்சை மாற்றுவார்கள். நீங்கள் செலவழிக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. மகளின் கோப்பைப் பார்க்கும் சட்டத்தரணியைக் கம்பனிதான் அமர்த்தியிருக்கிறது. அவர் முதலில் கம்பனியின் நலனைப் பார்ப்பார், மகள் வேறு வேலைக்கு மாறலாமா என்று அவரிடம் கேட்க முடியாது. மகள் தன் சொந்தக் காசில், கம்பனிக்குச் சம்பந்தமில்லாத ஒரு குடிவரவுச் சட்டத்தரணியிடம் ஒரு மணி நேரம் பேசட்டும். மார்ச் பதிவுக்கு முன்பே பேசட்டும், ஏனென்றால் சம்பளத்தட்டை மாற்றச் சொல்லிக் கேட்பதற்கு அதற்குப் பிறகு நேரம் இல்லை. போகும்போது ஓபிடி அட்டை, ஐ-20 என்ற பல்கலைக்கழக மாணவர் படிவம், வேலைக் கடிதம், இந்த இரண்டு வருடச் சம்பளச் சிட்டைகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போகட்டும்.